போர்டை மாத்துறதுக்கு முன்னாடி



பேரவை மலருக்குக் கட்டுரை கேட்டபோது, எல்லாரும் எழுதுவதுபோல் 'இளைஞனே எழுந்து வா' என்று நானும் எழுதிவிடலாமா என்றுதான் நினைத்தேன். எழுந்து வந்து என்ன செய்வது என்று எனக்கே சரியாகத் தெரியாததால், பட்டுத் தெரிந்துகொண்ட ஒன்றை எழுதுகிறேன். பழைய மைக்செட் ஆம்ப்ளிபயரின் இன்புட் போர்டு பற்றி. சிவில், மெக்கானிக்கல் நண்பர்கள் உடனே பக்கத்தைப் புரட்ட வேண்டாம். உங்களுக்கும் இதில் வேலை இருக்கிறது.

என் ஊர் கல்வராயன் மலையில், வெள்ளிமலைக்கு அந்தப் பக்கம். எங்கள் வீட்டில் பாலிடெக்னிக் வாசலை மிதித்த முதல் ஆள் நான். அப்பா கள்ளக்குறிச்சியில் ஒரு சவுண்டு சர்வீஸில் வேலை பார்க்கிறார். குழாய் கட்டுவது, ஒயர் இழுப்பது, விடிய விடிய செட்டுக்குப் பக்கத்தில் படுத்திருப்பது எல்லாம் அவர்தான். அவருக்கு எழுத்துக் கூட்டிப் படிக்க வராது. ஆனால் நான் எலக்ட்ரானிக்ஸ் சேர்ந்த நாளிலிருந்து, 'எம்மவன் செட்டு படிக்கிறான்' என்றுதான் ஊரில் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

போன வருஷம் ஆடி மாசம் எங்கள் ஊர்த் திருவிழாவுக்கு, முதலாளியின் குடோனில் கிடந்த ஒரு பழைய செட்டை அப்பா கேட்டு வாங்கினார். 12 வோல்ட் லாரி பேட்டரியில் ஓடும் டிரான்சிஸ்டர் செட். கரண்ட் வராத ஊர்களுக்கு ஒரு காலத்தில் இதைத்தான் கொண்டு போவார்களாம். ரெக்கார்டு பாட்டு வந்தது, மைக் மட்டும் வரவில்லை. 'தம்பி, நீ பாரு' என்று என்னிடம் கொடுத்தார். வாங்கும்போது எனக்கு இருந்த பெருமையை இப்போது நினைத்தால் கூச்சமாக இருக்கிறது.

மூடியைக் கழற்றினேன். உள்ளே இரண்டு சின்ன போர்டுகள், ஒன்று மைக்குக்கு, ஒன்று ரெக்கார்டு பிளேயருக்கு. மைக் போர்டில் ஏசி 126 என்று எழுதிய டிரான்சிஸ்டர்கள். இதெல்லாம் தாத்தா காலத்துச் சாமான் என்று நினைத்து, என்ன, ஏது என்று பார்க்காமலே வெட்டி எடுத்தேன். கடையில் கிடைக்கும் 4558 ஐசி போட்ட ப்ரீ-ஆம்ப் போர்டு ஒன்றை வாங்கி, சிவப்பை பிளஸ்ஸிலும் கறுப்பை மைனஸிலும் கொடுத்தேன். மைக் சாக்கெட்டை வெளியே தொங்கவிட்டபடியே பேசிப் பார்த்தேன். கணீர் என்று கேட்டது. அப்பா முகத்தைப் பார்க்க வேண்டுமே!

திருவிழா அன்று கூத்து தொடங்கும் நேரம் சாக்கெட்டை முன்பலகையில் முடுக்கி, சுவிட்சைப் போட்டேன். மைக்கின் ஷீல்டு ஒயர் அடுப்புக் கம்பி மாதிரி சிவந்தது. பியூஸ் இருக்க வேண்டிய இடத்தில் யாரோ எப்போதோ கம்பியைச் சுற்றி வைத்திருந்தார்கள், அதையும் நான் கவனிக்கவில்லை. அப்பா வெறுங்கையால் அந்த ஒயரைப் பிடித்துப் பிய்த்தார். உள்ளங்கை வெந்துவிட்டது. அன்றைக்குக் கூத்து மைக் இல்லாமல்தான் நடந்தது. செட்டுக்கான காசை முதலாளி அப்பா சம்பளத்தில் பிடித்துக்கொண்டார்.

காரணம் ரொம்பச் சாதாரணம். ஏசி 126 ஒரு ஜெர்மானியம் பி.என்.பி. டிரான்சிஸ்டர். அந்தக் காலத்து பி.என்.பி. செட்டுகள் பலவற்றில் பாடிக்குப் போவது மைனஸ் இல்லை, பிளஸ். நான் போட்ட போர்டின் கிரவுண்டோ மைனஸ். சாக்கெட் தொங்கிக்கொண்டிருந்த வரை ஒன்றும் ஆகவில்லை. பலகையில் முடுக்கியதும் ஷீல்டு ஒயர் வழியாக பேட்டரியின் இரண்டு முனையும் ஒன்றையொன்று தொட்டுவிட்டன. அவ்வளவுதான். செட்டின் பின்பக்கம் சிவப்பு பெயின்டில் பெரிதாக ஒரு கூட்டல் குறி இருந்தது. எந்தக் காலத்து மெக்கானிக்கோ, அடுத்து திறப்பவனுக்காகப் போட்டு வைத்தது. நான் அதை ஏதோ ஆஸ்பத்திரிக் குறி என்று நினைத்தேன்!

இதைவிட வெட்கம் ஒன்று உண்டு. வெட்டி எடுத்த போர்டை ஒரு மாதம் கழித்து மேசையில் வைத்துச் சோதித்தேன். டிரான்சிஸ்டர்கள் நன்றாக இருந்தன. காய்ந்து போயிருந்தது ஒரே ஒரு கப்ளிங் கண்டென்சர். பத்து ரூபாய்கூட ஆகாது.

நம் லேபில் போர்டு கையில் வரும்போதே சர்க்யூட் தாளும் கூட வருகிறது. இது ஆம்ப்ளிபயர், இது ஆசிலேட்டர் என்று பெயர் சொல்லித் தருகிறார்கள். நாமும் ரீடிங் எழுதி, ரெக்கார்டு நோட்டில் கையெழுத்து வாங்கிவிடுகிறோம். பெயரில்லாத ஒரு போர்டைக் கையில் கொடுத்து, 'இது என்ன, எதுக்கு, எந்தப் பக்கம் உள்ளே, எந்தப் பக்கம் வெளியே, சொல்லு பார்ப்போம்' என்று யாரும் கேட்டதில்லை. ஆனால் வெளியே நம்மிடம் வருவதெல்லாம் பெயரில்லாத போர்டுதான். பழுது பார்ப்பதில் அடையாளம் காண்பதுதான் படிப்பு, மாற்றுவது கைவேலை. நாம் கைவேலையை மட்டும் கற்றுக்கொண்டு டிப்ளமா வாங்குகிறோம் என்பது என் கருத்து.

அடையாளம் காண்பது ஒன்றும் மந்திரம் இல்லை. மைக் ஓரிரு மில்லிவோல்ட்தான் தரும். காந்த வகை ரெக்கார்டு பிக்கப் சுமார் 5 மில்லிவோல்ட். கிரிஸ்டல் பிக்கப் நூற்றுக்கணக்கான மில்லிவோல்ட். மூன்றுக்கும் ஒரே போர்டு எப்படிச் சரிவரும்? இன்புட் முனையிலிருந்து கிரவுண்டுக்குப் போகும் ரெசிஸ்டரைப் பாருங்கள். மஞ்சள், ஊதா, ஆரஞ்சு என்றால் 47 கிலோ ஓம், காந்த பிக்கப்பாக இருக்கலாம். பழுப்பு, கறுப்பு, பச்சை என்றால் 1 மெகா ஓம், பெரும்பாலும் கிரிஸ்டல். அவுட்புட்டிலிருந்து திரும்பி வரும் பாதையில் ரெசிஸ்டரும் கண்டென்சரும் ஜோடி ஜோடியாக இருந்தால் அது ரெக்கார்டுக்கான ஈக்வலைசேஷன். ரெக்கார்டு வெட்டும்போது பாஸைக் குறைத்து ட்ரெபிளைக் கூட்டி வெட்டுவார்கள். போடும்போது அதைத் திருப்பிச் சரிக்கட்ட வேண்டும். இதற்கு ஆர்.ஐ.ஏ.ஏ. வளைவு என்று பெயர், 1954-ல் நிலைபெற்றது. இந்தப் போர்டை எடுத்துவிட்டு வெறும் 4558 வைத்தால் பாட்டு வரும். ஆனால் தகர டப்பாவுக்குள்ளிருந்து வருவது மாதிரி வரும். கடைசியாக, பெரிய பில்டர் கண்டென்சரின் எந்த முனை பாடிக்குப் போகிறது என்று மீட்டர் வைத்துப் பாருங்கள். இந்த ஒன்றை நான் செய்திருந்தால் அப்பா கை வெந்திருக்காது.

இங்கிலாந்தில் 1967-ல் குவாட் 33 என்று ஒரு ப்ரீ-ஆம்ப் வந்தது. அதில் ரெக்கார்டு இன்புட்டுக்கு ஒரு சின்ன சதுர போர்டைச் செருகி எடுக்கலாம். எந்தப் பக்கத்தைத் திருப்பிச் செருகுகிறோமோ, அந்த வகை பிக்கப்புக்கு ஏற்றபடி அது மாறிக்கொள்ளும். உன்னிடம் இருக்கும் பிக்கப் எது என்று முதலில் தெரிந்துகொள், பிறகு செருகு என்பதைச் செய்தவர்களே அதில் வைத்துவிட்டார்கள். படத்தில்தான் பார்த்திருக்கிறேன். பொறாமையாக இருந்தது.

'யாருக்குடா நேரம் இருக்கு? புளூடூத் போர்டு ஒண்ணு வாங்கி மாட்டிட்டுப் போ' என்கிறான் என் ரூம்மேட். அவன் சொல்வதிலும் நியாயம் உண்டு. கருகி, டிராக் உரிந்து போன போர்டை வைத்துக்கொண்டு அழ முடியாது, மாற்றத்தான் வேண்டும். எங்கள் செட்டுக்கும் புது போர்டே போட்டிருக்கலாம், அதற்கென்று தனியாக ஒரு சின்ன பேட்டரி கொடுத்து, கிரவுண்டை மட்டும் பாடியோடு சேர்த்திருந்தால். அதற்கும்கூட பாடி பிளஸ் என்று முதலில் தெரிந்திருக்க வேண்டுமே! இன்னொன்று, பழசு செத்துவிட்டது என்று நினைக்காதீர்கள். அமெரிக்காவில் 2022-ல் இசைத்தட்டு விற்பனை, எண்ணிக்கையில் சிடியைத் தாண்டியது. 1987-க்குப் பிறகு அதுதான் முதல்முறை. நம் பக்கத்திலும் பரணில் கிடக்கும் பிளேயரைத் தூசு தட்டி எடுத்து வருகிறவர்கள் இருக்கிறார்கள். வேலை தெரிந்த மெக்கானிக்குகளுக்குத்தான் வயதாகிவிட்டது.

நம் டிபார்ட்மென்ட் ஸ்டோர் ரூமின் மூலையில் பெயர்ப்பலகை உதிர்ந்த இரண்டு ஆம்ப்ளிபயரும் ஒரு டேப்டெக்கும் கிடக்கின்றன. பழைய இரும்போடு எடை போட்டுவிடுவார்கள் என்று பேச்சு. அவற்றை நமக்கு விட்டுவைக்கச் சொல்லி எச்.ஓ.டி. ஐயாவுக்கு விண்ணப்பம் எழுதி வைத்திருக்கிறேன். இதுவரை பதினொரு கையெழுத்து ஆகியிருக்கிறது. மெக்கானிக்கல் நண்பர்களே, அந்த டேப்டெக்கின் பெல்ட்டும் புல்லியும் உங்கள் வேலை. சிவில் நண்பர்கள் கையெழுத்தாவது போடலாம். வியாழக்கிழமை லேப் முடிந்ததும் ஸ்டோர் ரூம் வாசலில் இருப்பேன். வரும்போது மீட்டர் ஒன்று கொண்டு வாருங்கள், என்னுடையதில் பேட்டரி தீர்ந்துவிட்டது.