‘இப்படியே இருக்கட்டும்’னு சொல்லிட்டு மலை இறங்குறவங்களுக்கு

போன ஞாயித்துக்கிழமை சென்னையிலேருந்து ஒரு குடும்பம் வத்தல்மலைக்கு வந்திருந்தாங்க. எங்க வீட்டுப் பக்கத்துல காரை நிறுத்திட்டு காப்பி கிடைக்குமான்னு கேட்டாங்க. குடுத்தோம். சார் நல்ல மனுஷன்தான். டம்ளரைக் கையில வச்சிக்கிட்டு எதிர் மலையைப் பார்த்தபடியே, "ஐயா, நீங்க குடுத்து வச்சவங்க. டென்ஷனே இல்லாத வாழ்க்கை. இந்த ஊரு மாறாம இப்படியே இருக்கட்டும்"னார்.

வீடு தேடி வந்தவங்க கிட்ட வாய் குடுக்க வேணாம்னு சிரிச்சு வச்சேன். ராத்திரி தூக்கம் வரல. அதனாலதான் எழுதுறேன்.

அவர் அதைச் சொன்ன நேரத்துல என் வீட்டுக்காரி என்கூட பேசி மூணு நாள் ஆகியிருந்தது. நான் சரியா கட்டாத ஆடு அவுத்துக்கிட்டுப் போய் அவ வச்சிருந்த டேலியாவை மொட்டை அடிச்சிடுச்சு. "பூ தானே, திரும்பத் தழைக்கும்"னு சொல்லித் தொலைச்சேன். அது விக்கிற பூ இல்ல. இருபது வருஷமா கிழங்கை எடுத்து, மண்ணுல புதைச்சு வச்சு, மழைக்கு முன்னாடி திரும்ப நட்டுக்கிட்டு வர்றா. காட்டு வேலை, அடுப்பு வேலை எல்லாம் முடிஞ்சதுக்கப்புறம் அவளுக்குன்னு இருக்கிறது அந்த நாலு செடிதான். அவ கோபம் நியாயம்தான்.

அந்த வீட்டம்மா, "இங்க பொழுது எப்படிங்க போகும்?"னு வேற கேட்டாங்க. எங்களுக்குப் பொழுதுபோக்கே இருக்காதுன்னு ஒரு நினைப்பு. நான் 1994-லேருந்து நோட்டுல மழை எழுதுறேன். எந்தத் தேதியில பெஞ்சது, எத்தனை நாள் கழிச்சு காப்பி பூத்ததுன்னு. அதால ஒரு பைசா வரவு கிடையாது, ஆனா எழுதாம படுத்தா தூக்கம் வராது. பசங்களுக்கு வாலிபால். எனக்கு சாயங்காலம் தர்மபுரி எஃப்.எம்.ல பழைய பாட்டு. உங்க வீட்டுல நடக்கிற சண்டை, சமாதானம், ஆசை எல்லாம் இங்கேயும் உண்டு. மேல 3,000 அடிக்கு மேல குடியிருந்தா மனுஷனுக்கு மனசு இல்லாம போயிடுமா?

சரி, இப்படியே இருக்கட்டும்னா எப்படி இருக்கணும்? ரோடு வர்றதுக்கு முன்னாடி இருந்த மாதிரியா? என் பெரிய மக பொறக்கிற சமயம் என் வீட்டுக்காரியை போர்வையில கட்டி, மூங்கில் கழியில தொங்கவிட்டு, ஆள் மாத்தி ஆள் தோள் குடுத்து ராத்திரியில இறக்கினோம். பாதி வழியில லாந்தர் அணைஞ்சு போச்சு. தாயும் பிள்ளையும் பிழைச்சது சாமி புண்ணியம். எல்லாருக்கும் அந்தப் புண்ணியம் வாய்க்கல. அடிவாரம் சேர்றதுக்குள்ள போனவங்க இந்த மலையில இருக்காங்க.

சென்னைக்காரர் 20-க்கு மேல கொண்டை ஊசி வளைவை கார்ல ஏறி வந்து, ஏ.சி.யை நிறுத்திட்டு இறங்கித்தான் அந்த வார்த்தையைச் சொன்னார். ரோடு அவர் வர்றதுக்கு வேணும், நாங்க போறதுக்கு வேணாமா?

2021 செப்டம்பர்ல முதலமைச்சர் ஸ்டாலின் இந்த மலைக்கு வந்து ஜனங்க கிட்ட பேசிட்டுப் போனார். அதுக்கப்புறம் பஸ் வந்தது. சுதந்திரம் வாங்கி எத்தனை வருஷம் கழிச்சுன்னு நீங்களே கணக்குப் போட்டுக்குங்க. என் சின்ன மக அந்த பஸ்லதான் தர்மபுரி காலேஜுக்குப் போறா. மழையில பாறை உருண்டு வழி அடைச்சா அன்னைக்கு பஸ் இல்ல, காலேஜும் இல்ல. இந்த மாசம் நாலு நாள் போச்சு. பரீட்சை எழுத விடுவாங்களான்னு பிள்ளைக்குப் பயம். "பேசாம திருப்பூர்ல வேலைக்குப் போயிடட்டுமா நைனா?"ன்னு கேட்டா பாருங்க, அன்னைக்கு எனக்குச் சோறு இறங்கல. டென்ஷனே இல்லாத வாழ்க்கையாம்.

இன்னொண்ணும் சொல்லணும். ‘நிம்மதியா இருக்காங்க’ன்னு நினைச்சுட்டா ‘இவங்களுக்கு எதுக்குக் காசு’ன்னும் நினைப்பு வந்துடுது. அதே சார் கிளம்பறப்ப காப்பிக்கொட்டையில அரைக் கிலோ கேட்டு, சொன்ன விலையில பாதிக்குக் கேட்டார். காப்பி பங்குனி, சித்திரையில பூ மழை விழுந்தாதான் பூக்கும். பூத்தப்புறம் எட்டு ஒன்பது மாசம் காய் செடியிலேயே கிடக்கும். பழுத்ததை மட்டும் பார்த்துப் பார்த்து கையால பறிக்கணும். எல்லாம் ஒரே நாள்ல பழுக்காது, ஒரே செடிக்கு நாலு தடவை போகணும். அப்புறம் காய வைக்கணும், மேகம் கறுத்தா ஓடிப்போய் தார்ப்பாய் மூடணும். பூத்திருக்கிற நேரம் வர்றவங்க மல்லிகை மாதிரி வாசனையா இருக்குன்னு கிளையோட ஒடிச்சுத் தலையில வச்சு போட்டோ எடுக்கிறாங்க. அதுல ஒவ்வொரு பூவும் ஒரு பழம். உங்க ஊர்க் கடையில ஒரு காப்பிக்கு என்ன விலை குடுக்கறீங்க? அங்க பேரம் பேசுவீங்களா?

வராதீங்கன்னு நான் சொல்லல. நீங்க வந்தா எங்க பிள்ளைங்களுக்கும் நாலு காசு கிடைக்குது. மலை கெட்டுப் போயிடும்னு நீங்க பயப்படுறதும் பொய்யில்ல, வளைவுக்கு வளைவு பாட்டில் உடைஞ்சு கிடக்கு, எங்க மாடு அதுலதான் கால் வைக்குது. ஆனா அந்த பாட்டில் எங்க பிள்ளை போற பஸ்ல வந்தது இல்லீங்க.

இதை எழுதிக்கிட்டு இருக்கும்போதே வீட்டுக்காரி பேசிட்டா. "மேகம் மூடுது, எழுதினது போதும், காப்பியை வந்து மூடு"ன்னு. நாலாம் நாள் முதல் பேச்சு. தார்ப்பாயோட ஒரு முனையை அவளே பிடிச்சிருக்கா. சின்னவ வாசல்ல நின்னு வானத்தைப் பார்த்துக்கிட்டு இருக்கா. நாளைக்குக் காலையில அவளுக்குப் பரீட்சை.