நாதத்துக்கா, உப்புக்காற்றுக்கா முலாம்?

குருநகரில் பித்தளைக்கு முதல் எதிரி கடற்காற்று. சைக்கிள் சங்கிலியைத் தின்னும் உப்பு சாக்சபோனை மட்டும் விட்டுவைக்குமா? வாசித்த பின் துடைக்காமல் பெட்டியில் போட்டால் சாவிகளின் இடுக்கில் பச்சைக் களிம்பு ஏறிவிடும். எனவே, வெளிநாட்டு உறவினர் பழைய கருவியொன்றை வாங்கி அனுப்புவதாகச் சொன்னால், சாவிகளுக்கு நிக்கல் முலாம் பூசியதாகப் பார்த்துக் கேட்பதில் தவறில்லை. ஆனால் அந்த முலாமால் நாதம் இனிக்கிறது என்று விற்பவர் விலையை ஏற்றினால், கொடுக்க வேண்டியதில்லை.

பழைய சாக்சபோன் சந்தையில் இந்தப் பேச்சு ஓய்வதே இல்லை. வெள்ளி முலாம் என்றால் குழைவு, தங்கம் என்றால் செழுமை, லாக்கர் பூச்சு என்றால் கணீரென்ற ஒலி என்பார்கள். 1920களில் அமெரிக்காவின் கான், புஷர் நிறுவனங்கள் வெள்ளி முலாமிட்ட கருவிகளை ஏராளமாக விற்றன. பின்னர் லாக்கர் பரவியது. உடலுக்கு லாக்கர், சாவிகளுக்கு நிக்கல் என்ற சேர்க்கை மாணவர்களுக்கான கருவிகளில் சாதாரணம்.

உண்மையில் அங்கே ஒலிப்பது காற்று. ரீட் அதிர, கூம்பு வடிவக் குழாய்க்குள் இருக்கும் காற்றுத்தம்பம் அதிர்கிறது. குழாயின் உள்ளளவும் துளைகளின் இடமும் அகலமும்தான் ஒலியைத் தீர்மானிக்கின்றன. சாவியோ குழாய்க்கு வெளியே நிற்கும் நெம்புகோல். துளையைக் கசிவில்லாமல் மூடுவதும் சரியான உயரத்துக்குத் திறப்பதுமே அதன் வேலை. அதன் மேல் தாளைவிட மெல்லியதாகப் படிந்த நிக்கல் எந்த ஸ்வரத்தைத் தொடப்போகிறது?

1971இல் அமெரிக்க இயற்பியலாளர் ஜான் கோல்ட்மன், ஒரே உள்ளளவில் வெள்ளி, செம்பு, மரம் ஆகியவற்றில் புல்லாங்குழல்கள் செய்து சோதித்தார். எது எதுவென்று கேட்டவர்களாலும் சொல்ல முடியவில்லை, ஊதியவர்களாலும் சொல்ல முடியவில்லை. குழலுக்குக் கண்டது சாக்சபோனுக்குச் செல்லாது என்பவர்கள் 1953 மே 15 அன்று ரொறன்ரோ மாஸி மண்டபத்தில் பதிவான இசைத்தட்டைக் கேட்கலாம். ஜாஸ் கலைஞர் சார்லி பார்க்கர் அன்று வாசித்தது கிராஃப்டன் நிறுவனத்தின் பிளாஸ்டிக் சாக்சபோன். கேட்பவர் காதில் விழுவதோ பார்க்கர்தான்.

நமக்கு நெருங்கிய சாட்சி கத்ரி கோபால்நாத். நாகஸ்வரக் கலைஞரின் மகன். மைசூர் அரண்மனை பாண்டில் கேட்ட கருவியைக் கர்நாடக இசைக்குக் கொண்டுவந்தவர். 1994இல் வந்த ‘டூயட்’ படத்துக்குப் பின் அந்த ஒலியை அறியாத தமிழ் வீடு குறைவு. கமகத்துக்காக அவர் மாற்றியமைத்தது சாவிப் பகுதியை, மேற்பூச்சை அல்ல.

பூச்சினால் கேடு வரும் வழி ஒன்று உண்டு. பழைய கருவியைப் புதிதாகக் காட்ட லாக்கரை உரித்து, இயந்திரத்தில் தேய்த்து, மறுபடி பூசுவார்கள். அந்தத் தேய்ப்பு மிஞ்சினால் துளைகளின் விளிம்பு சமம் இழக்கும், சாவியின் அடியில் துளையை மூடும் பேட் சரியாகப் படியாது, அடி ஸ்வரங்கள் தடுமாறும். பளபளக்கும் கருவி ஊமையாவது இப்படித்தான். பழியோ புது லாக்கர்மேல் விழுகிறது.

வாங்குமுன் இருட்டறையில் குழாய்க்குள் ஒரு சிறு மின்விளக்கை இறக்கி, சாவிகளை ஒவ்வொன்றாக மூடிப் பார்க்கலாம். கசியும் பேட்டின் ஓரத்தில் வெளிச்சம் தெரியும். தங்க முலாமுக்கு ஒதுக்கிய பணம் அந்த பேட்களை மாற்றவும் நல்லதொரு மவுத்பீஸ் வாங்கவும் உதவும்.