சர்நேம் இல்லைன்னா என்ன குறை? அண்ணாமலையும் ஜோன்ஸும் சொல்லும் கதை

திருவண்ணாமலைப் பக்கம் அண்ணாமலை, அருணாசலம் என்ற பெயர்களுக்குப் பஞ்சமே இல்லை. மலையின் பெயர்தான் மனிதர்களுக்கும். அருணாசலத்தின் மகன் அ. அண்ணாமலை. அவர் மகன் அ. கார்த்திக். கார்த்திக்கின் மகளோ கா. யாழினி. தலைமுறைக்குத் தலைமுறை இனிஷியல் நகரும். நிரந்தரக் குடும்பப் பெயர் கிடையாது. பாஸ்போர்ட் விண்ணப்பத்தில் ‘சர்நேம்’ கட்டம் வரும்போதுதான் குழப்பம்: இதுல என்ன போடுறது?

வேல்ஸிலும் இதே வழக்கம்

பிரிட்டனின் வேல்ஸ் பகுதியிலும் ஒரு காலத்தில் அப்பா பெயர்தான் அடையாளம். மகன் பெயர், அடுத்து ‘ஆப்’, அடுத்து அப்பா பெயர். ‘ஆப்’ என்றால் மகன். 1536-ல் தொடங்கிய சட்டங்கள் வேல்ஸை இங்கிலாந்தோடு இணைத்தன. ஆங்கில நீதிமன்றம், பதிவேடு என்று வரவர, நகர்ந்துகொண்டிருந்த அப்பா பெயர் மெல்ல உறைந்து குடும்பப் பெயரானது. ‘ஆப் ஹவெல்’ பவல் ஆனது; ‘ஆப் ரீஸ்’ பிரைஸ் ஆனது. ஜானின் பிள்ளைகள் ஜோன்ஸ் ஆனார்கள். இன்று வேல்ஸில் அதிகம் பேருக்கு இருக்கும் குடும்பப் பெயர் ஜோன்ஸ்தான். ஆனால், அத்தனை ஜோன்ஸும் ஒரே குடும்பம் இல்லை. ஊருக்கு ஊர் ஒரு ஜான் இருந்தார், அவ்வளவுதான்.

நம்மவர்களுக்கு என்ன ஆகிறது?

சுந்தர் பிச்சையின் ‘பிச்சை’ அவர் அப்பா பெயர். செஸ் உலகம் ஆனந்தைச் செல்லமாக அழைக்கும் ‘விஷி’யும் அப்பா விஸ்வநாதனின் பெயரிலிருந்து வந்ததுதான்.

ஒற்றைப் பெயர்க்காரர்கள் பாடு இன்னும் கஷ்டம். அமெரிக்க விசாவில் முதல் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ‘எஃப்என்யூ’, அதாவது ‘முதல் பெயர் தெரியாது’ என்று அச்சாகிவிடும். 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம், ஒற்றைப் பெயர் பாஸ்போர்ட்டுக்கு விசிட் விசாவில் அனுமதி இல்லை என்றது. பிறகு, பாஸ்போர்ட்டின் இரண்டாம் பக்கத்தில் அப்பா பெயர் இருந்தால் போதும் என்று தளர்த்தியது.

மலேசியா வேறு வழி கண்டது. அங்கே தமிழர் பெயருக்கு நடுவே வரும் ‘ஏ/எல்’, ‘ஏ/பி’ என்பவை ‘மகன்’, ‘மகள்’ என்பதன் மலாய்ச் சுருக்கங்கள். அரசு நினைத்தால் நம் வழக்கத்துக்கும் இடம் கொடுக்க முடியும் என்பதற்கு இதுவே சாட்சி.

கட்டத்தில் சாதி வேண்டாம்

1929-ல் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாடு, பெயருக்குப் பின்னால் வரும் சாதிப் பட்டத்தை விடச் சொன்னது. தமிழ்நாட்டில் அந்தப் பழக்கம் பெருமளவு ஒழிந்து, இனிஷியல் நிலைத்தது. இப்போது ஒரு கட்டத்தை நிரப்புவதற்காக, தாத்தா விட்ட சாதிப் பெயரைப் பேரன் தேடி எடுப்பது பின்னோக்கிப் போகும் வேலை.

அப்பா அல்லது அம்மா பெயரை விரித்து எழுதினாலே போதும். மதிப்பெண் சான்றிதழ், ஆதார், பான், பாஸ்போர்ட், விமான டிக்கெட் எல்லாவற்றிலும் அது ஒரே மாதிரி இருப்பதுதான் முக்கியம். மாற வேண்டியது நம் பெயர் இல்லை. ‘சர்நேம்’ கட்டாயம் என்று கேட்கும் படிவங்கள்தான்.