பழித்து வாங்கும் மண்

வாங்க வருகிறவன் பொருளைப் பழிப்பதும், விற்க வருகிறவன் அதனையே வானளாவப் புகழ்வதும் சந்தையில் நாம் அன்றாடம் காணும் காட்சி. கத்தரிக்காயைச் சொத்தை என்றால் கத்தரிக்காய்க்கு வலிப்பதில்லை. விலை பேசப்படுவது மனிதர் குடியிருக்கும் தெருவானால், அந்தப் பழிச்சொல் எங்கே போய் விழுகிறது? நம் மனைத் தரகர்களும், அவர்கள் பின்னே முன்பணத்தோடு நடக்கும் நம் பெரியவர்களும் இதனை ஒரு நாளேனும் எண்ணிப் பார்த்ததுண்டா?

நாமக்கல்லிலிருந்து மோகனூருக்கு வரும் சாலையில் ஆங்காங்கே வண்ணக் கொடிகள் நட்ட வீட்டுமனைப் பிரிவுகளைக் காண்கிறோம். கரும்பும் வாழையும் நின்ற காவிரிக்கரை மண் சதுர அடிக் கணக்கில் விலையாகிறது. அதுபற்றி நமக்கு வழக்கில்லை; வீடு கட்டாமல் மக்கள் எங்கே குடியிருப்பது? நமது வழக்கெல்லாம் விற்பனையோடு வரும் பேச்சைப் பற்றியதே. “அந்தப் பக்கம் வேண்டாம் பாய், அங்கே ஆட்கள் சரியில்லை” என்கிறார் தரகர். யார் அந்த ஆட்கள்? கரும்பு வெட்டுகிறவர், சர்க்கரை ஆலைக்கு வண்டியில் பாரம் ஏற்றுகிறவர், கோழிப் பண்ணையில் கூலிக்கு நிற்பவர், நாமக்கல் லாரிப் பட்டறையில் இரும்பு அடிப்பவர். நம் அடுப்புக்குச் சர்க்கரையும் முட்டையும் அனுப்பும் கைகள் அவை. அந்தக் கைகள் குடியிருக்கும் தெரு மட்டும் நமக்குச் ‘சரியில்லை’.

அதே தரகர், வேறொரு நாள், பணமிருந்தும் வீடு கட்டும் எண்ணமில்லாத ஒருவரிடம் குரலைத் தாழ்த்திப் பேசுகிறார்: “இப்போது மலிவாகக் கிடைக்கிறது. நாலு வருஷத்தில் இவர்களெல்லாம் காலி செய்துவிடுவார்கள். அப்புறம் விலையைப் பாருங்கள்.” இரண்டு பேச்சும் ஒரே தெருவைப் பற்றியவைதாம். முதற்பேச்சு விலையை இறக்குகிறது. இரண்டாவது, இறக்கிய விலையில் அள்ளிக்கொள்ள ஆள் சேர்க்கிறது. இதனை வெறும் நாவடக்கமின்மை என்று ஒதுக்கிவிட முடியுமா? சொல்லையே படிக்கல்லாக்கி நிறுக்கும் வாணிகம் இது.

மத்யன் வாசிகளிடம் அனுப்பப்பட்ட ஷுஐப் (அலை) அவர்களின் வரலாறு நம் மதரஸாப் பிள்ளைகளுக்கும் தெரியும். அளவிலும் நிறுவையிலும் மோசடி செய்த மக்கள் அவர்கள். அந்த நபி அவர்களுக்கு இட்ட கட்டளையில் இரண்டு உறுப்புகள் உள்ளன. அளவை நிறைவாகக் கொடுங்கள் என்பது ஒன்று. மக்களின் பொருள்களைக் குறைத்துவிடாதீர்கள் என்பது மற்றொன்று. அல்அஃராஃப், ஹூத், அஷ்ஷுஅரா ஆகிய மூன்று அத்தியாயங்களிலும் இவ்விரண்டாம் உறுப்பு இடம்பெற்றிருக்கிறது. அங்கே வரும் மூலச்சொல் ‘பக்ஸ்’. குறைத்தல் என்பது அதன் பொருள். தராசில் கைவைப்பது மட்டும்தான் குறைத்தலா? ஹிஜ்ரி 7-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த இமாம் குர்துபீ (ரஹ்) தமது விரிவுரையில் ‘பக்ஸ்’ நிகழும் வழிகளை எண்ணும்போது, முதலாவதாகச் சொல்வதே சரக்கின்மீது குறைகூறி அதன்மேல் பிறர்க்குள்ள விருப்பத்தைக் கெடுப்பதைத்தான். அளவையில் செய்யும் தில்லுமுல்லு அதற்குப் பின்னரே வருகிறது. தராசைத் தொடாமலே நாவினால் நிறுவையைக் குறைக்கலாம் என்பது குர்துபாவில் பிறந்த அந்தப் பேரறிஞருக்கு நன்கு தெரிந்திருக்கிறது.

விற்கும்போது நடப்பது வேறொன்று. வாங்கும் எண்ணமில்லாமல் விலையை ஏற்றிக் கேட்டு, பிறரை ஏமாற்றும் ‘நஜ்ஷ்’ என்னும் செயலை நபி (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். இல்லாத பெருமையைப் பொருள்மேல் ஏற்றிச் சொல்லும் விற்பனைப் பேச்சும் அதன் உறவுதான். ஏழை கையில் இருக்கும்வரை ‘குடிசைப் பக்கம்’. தரகர் கைக்கு வந்ததும் ‘ஊரின் இதயம்’. மண் அப்படியேதான் இருக்கிறது.

நம் தமிழும் இந்த வாணிகத்தில் காயம்பட்டிருக்கிறது. ‘சேரி’ என்பது ‘சேர்’ என்னும் வினையிலிருந்து வந்த சொல். மக்கள் சேர்ந்து வாழும் இடம், அவ்வளவே. சிலப்பதிகாரத்தில் ‘புறஞ்சேரி இறுத்த காதை’ என்றொரு காதை உண்டு. மதுரைக்கு வெளியே அறநெறியாளர் வாழ்ந்த அந்தப் புறஞ்சேரியில் கண்ணகியைக் கவுந்தியடிகளின் காவலில் விட்டுத்தான் கோவலன் நகருக்குள் செல்கிறான். 10-ஆம் நூற்றாண்டின் உத்தரமேரூர்க் கல்வெட்டு, வேதம் ஓதிய பிராமணர் வாழ்ந்த ஊரின் பகுதிகளையே சேரி என்று குறிக்கிறது. அந்தச் சொல் எப்போது இழிந்தது? சொல்லுக்கு நோய் வரவில்லை. அங்கே வாழ்ந்தோரை இழிவுபடுத்தியவர்கள் சொல்லையும் சேர்த்து இழிவுபடுத்தினார்கள். ‘புறம்போக்கு’ என்பதும் அப்படியே. வரித் தீர்வைக்கு வெளியே, பொதுவுக்கு விடப்பட்ட நிலம் என்பது அதன் பொருள். குளமும் மேய்ச்சல் தரையும் இடுகாடும் புறம்போக்கே. இன்று அது மனிதரை ஏசும் வசைச்சொல்லாகிவிட்டது.

அரசாங்கமும் இவ்வகையில் குற்றமற்றதன்று. ஆயினும் இதனைச் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும். 1970-இல் தோன்றிய வாரியத்துக்குத் தமிழில் ‘குடிசை மாற்று வாரியம்’ என்று பெயர். அதன் ஆங்கிலப் பெயரிலோ மாற்றுவது இல்லை, அகற்றுவதே இருந்தது. ஒரே வாரியம், தமிழ் அறிந்த ஏழையிடம் ஒன்றும், ஆங்கிலம் அறிந்த அதிகாரியிடம் வேறொன்றும் பேசிற்று! 1971-ஆம் ஆண்டின் குடிசைப் பகுதிச் சட்டம், தாழ்வானது, சுகாதாரமற்றது, நெரிசலானது என்னும் காரணங்களால் பொதுமக்களின் நலத்துக்கு ஆபத்தாகக்கூடிய பகுதியைக் குடிசைப் பகுதியென அறிவிக்க வழிசெய்கிறது. அப்படி அறிவிக்கப்பட்டால், உரிய அதிகாரியின் அனுமதியின்றி அங்குக் குடியிருப்போரை வெளியேற்றக் கூடாது என்ற காப்பும் அதே சட்டத்தில் உண்டு. சட்டத்தில் அந்தப் பெயர் ஏழைக்கு ஒரு கேடயமாகவும் நிற்கிறது. மனைச் சந்தையில் கேடயம் கழன்றுபோய் வசை மட்டுமே எஞ்சுகிறது.

2021-இல் அந்த வாரியம் ‘தமிழ்நாடு நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம்’ எனப் பெயர் மாற்றப்பட்டது. நல்லதே. ஆனால், 2000-ஆம் ஆண்டு முதல் சென்னையின் உள்பகுதிகளிலிருந்து எடுத்துச் செல்லப்பட்டு, ஒக்கியம் துரைப்பாக்கத்தில் குடியமர்த்தப்பட்ட மக்களின் நிலை என்ன? அவ்விடத்துக்குக் கண்ணகி நகர் என்று பெயர் வைத்தார்கள். சிலம்பின் கண்ணகி புறஞ்சேரியில் தங்கியதை நினைத்து வைத்தார்களோ என்னவோ! வேலை கேட்கும் இடத்தில் அந்த முகவரியைச் சொல்லவே தயங்குகிறோம் என்று அங்குள்ள இளைஞர் கூறியது பத்திரிகைகளில் பலமுறை வந்த செய்தி. 2025 அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டில் கபடியில் தங்கம் வென்ற இந்தியப் பெண்கள் அணியில் கண்ணகி நகர் கார்த்திகா இருந்தார். அன்று அந்த முகவரியை நாடே பெருமையோடு உச்சரித்தது. ஒரு தெரு மதிக்கப்பட அதன் மகள் தங்கம் கொண்டுவர வேண்டும் என்பது என்ன நியாயம்?

மும்பையின் தாராவி நமக்கு அந்நிய ஊரன்று. திருநெல்வேலிச் சீமையிலிருந்து சென்ற தமிழ் முஸ்லிம்கள் தோல் பதனிட்டுப் பிழைத்த இடம் அது. குஜராத்துக் குயவர் சட்டி வனைகிறார்கள். தையல் எந்திரங்கள் ஓயாமல் ஓடுகின்றன. இத்தனை தொழிலும் நடக்கும் ஊருக்கு உலகம் வைத்திருக்கும் பெயர், ஆசியாவின் மிகப்பெரிய குடிசைப் பகுதி என்பது. 2022 நவம்பரில் அதன் மறுசீரமைப்புக்கான ஏலத்தில் அதானி குழுமம் 5,069 கோடி ரூபாய் கேட்டு முதலிடம் பெற்றது. 2000 ஜனவரி 1-க்கு முன்பிருந்து தரைத்தளத்தில் குடியிருப்போர் ‘தகுதியுடையோர்’. அவர்களுக்குத் தாராவியிலேயே 350 சதுர அடி வீடு. மற்றையோர் ‘தகுதியற்றோர்’. எதற்குத் தகுதியற்றோர்? இருபது ஆண்டு அங்கே உழைத்து ஊரை விலைமதிப்புள்ளதாக்கியவருக்கு, அந்த விலை ஏறிய நாளில் தகுதி போய்விட்டதாம். குப்பைமேடு என்று உலகம் பழித்த மண்ணுக்கு இத்தனை கோடி எங்கிருந்து வந்தது?

அமெரிக்காவிலும் இந்தக் கதை உண்டு. அங்கு 1933-இல் அரசு அமைத்த வீட்டுக்கடன் நிறுவனம், நகரங்களின் படத்தில் பகுதிகளுக்கு நிறம் தீட்டிற்று. கறுப்பு மக்கள் வாழ்ந்த பகுதிகளுக்குச் சிவப்பு; அதன் பொருள் ‘ஆபத்தானது’. அப்பகுதிகளில் கடன் கிடைப்பது அரிதாயிற்று. கடனின்றி வீடுகள் பழுதாயின. பின்பு பழுதைக் காட்டியே இடித்தார்கள்.

“உண்மையைச் சொல்வதும் குற்றமா? சாக்கடை ஓடினால் ஓடுகிறது என்று சொல்லக் கூடாதா?” என்று கேட்பார் உளர். சொல்லத்தான் வேண்டும், மறைப்பதே ஹராம். தானியக் குவியலுக்குள் கைவிட்டு ஈரத்தைக் கண்ட நபி (ஸல்) அவர்கள், அதை மேலே தெரியும்படி வைக்காத வணிகரைக் கண்டித்த செய்தியை நாமனைவரும் அறிவோம். தெருவில் வடிகால் இல்லை, குடிநீர் நாள் தவறி வருகிறது, மழைக்காலத்தில் தண்ணீர் தேங்குகிறது என்பவை பொருளின் குறைகள். அவற்றைச் சொன்னால், பொறுப்பேற்க வேண்டிய பேரூராட்சியின் பெயரும் உடன் வந்துவிடும். ‘ஆட்கள் சரியில்லை’ என்பதில் யாருடைய பொறுப்பும் இல்லை. வடிகால் கட்டாதவரை விட்டுவிட்டு, அதன் நாற்றத்தில் வாழ்கிறவரைத் தண்டிக்கிறது அது. ‘வளர்ந்துவரும் பகுதி’ என்று சர்க்கரை தடவிச் சொல்வதையும் நாம் கேட்கவில்லை. வளர்வது யாருடைய வாழ்வு என்பதை அந்தச் சொல் மறைத்துவிடுகிறது.

நபி (ஸல்) அவர்கள் இழிவான பெயர்களை மாற்றினார்கள். இமாம் அபூதாவூத் (ரஹ்) தமது தொகுப்பில், அறிவிப்பாளர் தொடர்களைச் சுருக்கம் கருதி விட்டதாகக் கூறி, அத்தகைய பெயர்களை வரிசையாகக் குறிக்கிறார். ‘அஃபிரா’, அதாவது தரிசு, எனப்பட்ட நிலத்துக்குக் ‘களிரா’, பசுமை, என்று பெயரிட்டார்கள். ‘வழிகேட்டின் கணவாய்’ என்று பழிக்கப்பட்ட இடம் ‘நேர்வழியின் கணவாய்’ ஆயிற்று. அங்கிருந்த மக்களைக் கிளப்பிவிட்டு வேறு ஆட்களைக் குடியேற்றிய பின் செய்த பெயர் மாற்றமன்று அது. தரிசு என்னும் சொல்லின் வலிமை நம் வட்டாரத்துக்கும் புதிதன்று. நிலத்தைக் கையகப்படுத்தும் பேச்சு எழுந்தால் எங்கும் முதலில் வரும் சொல் அதுவே. மோகனூர் வட்டத்து வளையப்பட்டிப் பக்கம் சிப்காட் தொழிற்பேட்டைக்கு எதிராக விவசாயிகள் போராடியபோது, விளைநிலமும் நீர்நிலையும் போய்விடும் என்பதே அவர்களின் முறையீடாக இருந்தது. ஏட்டில் எழுதும் சொல்லுக்கும் ஏர் பிடிப்பவன் சொல்லுக்கும் இடையில்தான் நிலம் கைமாறுகிறது.

இனி, நம் வீட்டுக்குள் வருவோம். பெருநகரங்களில் வாடகைக்கு வீடு தேடும் நம் பிள்ளைகளிடம் பெயரைக் கேட்டுவிட்டுக் கதவைச் சாத்துவோர் உண்டு. ‘அது முஸ்லிம் ஏரியா’ என்று தரகர் முகம் சுளிக்கும்போது நமக்கு நெஞ்சு எரிகிறது. எரிய வேண்டியதுதான். ஆனால், வளைகுடாவில் வியர்வை சிந்திச் சேர்த்த பணத்தோடு ஊருக்கு வந்து மனை பார்க்கும் அதே பிள்ளை, ‘பக்கத்தில் காலனி ஏதும் இல்லையே?’ என்று கேட்கிறான். அவனுடைய தந்தை திண்ணையில் அமர்ந்து தலையாட்டுகிறார். பெண் பார்க்கும் பேச்சில், ‘அந்தத் தெருவா?’ என்ற ஒரு கேள்வியிலேயே ஒரு குடும்பத்தின் மானம் போகிறது. நமக்குச் செய்தால் அநீதி, நாம் செய்தால் முன்யோசனையா? இழிபெயரால் ஒருவரையொருவர் அழைப்பதை அல்ஹுஜுராத் அத்தியாயம் தடுத்திருப்பதை நாம் ஓதிக் கேட்கிறோம். மனை பார்க்கப் போகும்போது மட்டும் அது நினைவுக்கு வருவதில்லை.

நம்மில் பெரும்பாலோர் பின்பற்றும் ஹனஃபீ மத்ஹபில் ‘ஷுஃப்ஆ’ என்றோர் உரிமை உண்டு. ஒருவர் தம் நிலத்தை விற்றால், அதனை அதே விலைக்கு வாங்கிக்கொள்ளும் முதல் உரிமையைக் கேட்பதற்கு அண்டை நிலத்தாருக்கும் இடமுண்டு. இமாம் ஷாஃபிஈ (ரஹ்) அவர்கள் இதனைக் கூட்டுரிமையாளருக்கு மட்டும் என்பார்கள். அந்த விவாதம் இங்கு வேண்டாம். அண்டை வீட்டாரை உரிமையாளராகப் பார்த்த சட்டம் அது. நம் தரகர் அவரை மனையின் குறையாகப் பார்க்கிறார். நம் கிரயப் பத்திரங்களில் இன்றும் அந்தப் பழைய மரியாதை கிடக்கிறது. நான்கெல்லை எழுதும்போது பத்திர எழுத்தர், ‘குடிசைப் பகுதிக்கு வடக்கு’ என்று எழுதுவதில்லை. இன்னார் வீட்டுக்கு வடக்கு, இன்னார் மனைக்குக் கிழக்கு என்று பெயர் சொல்லித்தான் எழுதுகிறார்.