யாரை வைத்துக்கொள்வது, யாருக்கு விடை கொடுப்பது?

2025 ஜூன் 22ஆம் தேதி, ஓக்லஹோமா சிட்டி தண்டர் அணி இறுதிப் போட்டியின் ஏழாவது ஆட்டத்தில் இண்டியானா பேஸர்ஸ் அணியை வென்று, அமெரிக்கக் கூடைப்பந்துக் கழகமான என்.பி.ஏ.வின் பட்டத்தைச் சூடிக்கொண்டது. அந்த ஜயத்தை ஈட்டித் தந்தவர்கள் களத்தில் ஓடியாடிய இளைஞர்கள் என்பதில் யாருக்கும் சந்தேகமிராது. ஆனால், அந்த இளைஞர்கள் அத்தனை பேரும் ஒரே சட்டையை அணிந்து அந்தக் களத்தில் நிற்கும்படி நேர்ந்ததற்குக் காரணம், நாலு வருஷங்களுக்கு முன் 72 ஆட்டங்களில் 22ஐ மட்டுமே வென்று அடித்தட்டில் கிடந்த காலத்தில், யாரை நிறுத்திக்கொள்வது, யாருக்கு எவ்வளவு சம்பளம் கொடுப்பது, யாரை அனுப்பிவிடுவது என்ற மூன்று கேள்விகளுக்கும் அந்த அணியின் நிர்வாகம் நிதானமாக விடை தேடியதுதான்.

தோற்றுப்போன ஓர் அணியைத் திரும்பக் கட்டி எழுப்புவது என்றாலே, சில வருஷங்கள் தோற்றுக்கொண்டே இருந்து, ஆண்டுதோறும் புதிய இளைஞர்களை எடுக்கும் 'டிராஃப்ட்' தேர்வில் குலுக்கல் மூலம் முன்வரிசை இடத்தைப் பெற்று, ஒரு மகா வீரன் வந்து சேர்வதற்காகக் காத்திருப்பது என்ற அபிப்பிராயம் வேரூன்றிவிட்டது. என் நோக்கில் இது பாதி உண்மைதான். அத்தகைய அணியின் தலைவிதி குலுக்கல் நடக்கும் நாளில் எழுதப்படுவதைவிட, ஏற்கெனவே தன்னிடம் இருக்கும் ஆட்டக்காரர்களுக்கு ஒப்பந்தம் எழுதும் நாளில்தான் அதிகமாக எழுதப்படுகிறது. அந்த நாளில் ஓர் ஆட்டக்காரரைப் பற்றிக் கேட்க வேண்டிய கேள்வி, தோற்கும் இந்த அணியில் அவர் எத்தனை புள்ளிகள் எடுத்தார் என்பதன்று. நாளை இந்த அணி வெல்லத் தொடங்கும்போது, அந்த வெற்றிக்கு அவருடைய திறமை பயன்படுமா என்பதே கேள்வி. பயன்படும் என்று தெளிந்துவிட்டால் தாமதமின்றியும் பேரமின்றியும் கொடுத்துவிட வேண்டும். பயன்படாது என்று தெளிந்துவிட்டால், அவர் எவ்வளவு புகழ்பெற்றவராயினும் மரியாதையோடு விடை கொடுத்துவிட வேண்டும்.

இந்தத் தீர்மானம் ஏன் இவ்வளவு கடினமானது என்பதை விளங்கிக்கொள்ள, அங்குள்ள சம்பள விதிகளைச் சிறிது தெரிந்துகொள்வது நல்லது. செல்வந்தரான ஒரு முதலாளி எல்லாச் சிறந்த ஆட்டக்காரர்களையும் தாமே வாங்கிக் குவித்துவிடாதபடி, ஒவ்வோர் அணியின் மொத்தச் சம்பளத்துக்கும் வரம்பு வைத்திருக்கிறார்கள். 2025-26ஆம் ஆண்டுக்கு அந்த வரம்பு ஏறக்குறைய 15 கோடியே 46 லட்சம் டாலர். தன் சொந்த ஆட்டக்காரரை மறுபடி ஒப்பந்தம் செய்வதற்காக ஓர் அணி இந்த வரம்பை மீறலாம். ஆனால் மீறிக்கொண்டே போய், அதே ஆண்டுக் கணக்கில் 20 கோடியே 78 லட்சத்தைத் தாண்டிவிட்டால், பிற அணிகளோடு ஆட்டக்காரர்களைப் பரிமாறிக்கொள்ளும் வழிகள் பலவும் அடைபட்டுப் போகின்றன. முதல் சுற்றில் தேர்வாகும் இளைஞர், விதிப்படி நிர்ணயிக்கப்பட்ட அடக்கமான சம்பளத்துக்கு நான்கு வருஷம் வரை ஆடுகிறார். மூன்றாம் வருஷம் முடிந்ததும் அவருடைய ஒப்பந்தத்தை நீட்டிக்கும் பேச்சு எழுகிறது. அப்போது வரம்பில் நாலில் ஒரு பங்கை அவர் ஒருவருக்கே கொடுக்க நேரலாம். பதினைந்து பேர் கொண்ட ஓர் அணியில் நாலில் ஒரு பங்கைத் தவறான ஒருவருக்குக் கொடுத்துவிட்டால், அந்தப் பிழையை இன்னும் ஐந்து வருஷங்களுக்குச் சுமக்க வேண்டியதுதான்.

தண்டர் அணி இந்தப் பாடத்தைப் பெருவிலை கொடுத்தே கற்றது. சியாட்டிலிலிருந்து ஓக்லஹோமாவுக்குக் குடிபெயர்ந்த முதற் பருவமான 2008-09இல் அது 82 ஆட்டங்களில் 23ஐ மட்டுமே வென்றது. கெவின் டுராண்ட், ரஸ்ஸல் வெஸ்ட்புரூக், ஜேம்ஸ் ஹார்டன், செர்ஜ் இபாகா என்ற நால்வரையும் டிராஃப்டின் வழியாகவே சேர்த்துக்கொண்டு, 2012இல் இறுதிப் போட்டி வரை வந்துவிட்டது. அந்த ஆண்டின் அக்டோபர் மாதத்தில் ஹார்டனுக்கு ஒப்பந்தம் எழுதும் வேளை வந்தது. டுராண்டுக்கும் வெஸ்ட்புரூக்குக்கும் பெருஞ்சம்பளம் ஏற்கெனவே முடிவாகியிருந்தது. இபாகாவுக்கும் ஆகஸ்டில் எழுதியாகிவிட்டது. அடுத்த பருவத்திலிருந்து வரம்பு மீறுவோருக்கான வரி கடுமையாக்கப்பட இருந்தது. அணி கொடுக்க முன்வந்தது நான்கு வருஷத்துக்குச் சுமார் ஐந்தரைக் கோடி டாலர் என்றும், அவர் பெறக்கூடிய உச்சம் சுமார் ஆறு கோடி என்றும் அக்காலத்துப் பத்திரிகைகள் எழுதின. அந்த இடைவெளி நிரம்பவில்லை. அக்டோபர் 27ஆம் தேதி 23 வயது ஹார்டன் ஹூஸ்டனுக்கு அனுப்பப்பட்டார். அங்கே அவருக்கு ஐந்து வருஷத்துக்கு எட்டுக் கோடி டாலர் கிடைத்தது. 2018இல் அவர் கழகத்தின் மிகச் சிறந்த ஆட்டக்காரர் என்ற விருதையும் பெற்றார். டுராண்டும் வெஸ்ட்புரூக்கும் சேர்ந்திருந்த காலத்தில் அந்த அணி மறுபடி இறுதிப் போட்டியைக் காணவில்லை. 2016இல் டுராண்டும் விலகிச் சென்றார்.

வரியைப் பற்றிய அச்சம் அர்த்தமற்றதென்று நான் சொல்ல மாட்டேன். ஏறக்குறைய ஏழு லட்சம் மக்களே வாழும் அந்த நகரத்துக்கு வருமானமும் அளவானது. ஆயினும் அதே காரணத்தாலேயே அத்தகைய நகரத்து அணி, தான் வளர்த்த அபூர்வமான ஆட்டக்காரரைக் கையை விட்டு நழுவ விடலாகாது என்பது என் வாதம். லாஸ் ஏஞ்சல்ஸுக்கும் மயாமிக்கும் பெரிய வீரர்கள் தாமாகவே வந்து சேருவார்கள். ஓக்லஹோமாவுக்கு அப்படி வருவோர் அரிது.

தண்டர் அணியின் ஜெனரல் மேனேஜர் அன்றும் சாம் பிரெஸ்டிதான், இன்றும் அவரே. இரண்டாம் முறை கட்டியெழுப்ப நேர்ந்தபோது அவர் வேறு விதமாக நடந்தார். 2019இல் தம் அணியின் முன்னணி ஆட்டக்காரரான பால் ஜார்ஜை லாஸ் ஏஞ்சல்ஸ் கிளிப்பர்ஸுக்குக் கொடுத்து, அதற்கு ஈடாக ஐந்து முதல் சுற்றுத் தேர்வுரிமைகளையும், ஒரு வருஷமே ஆடியிருந்த ஷேய் கில்ஜியஸ்-அலெக்ஸாண்டர் என்ற இளைஞரையும் பெற்றார். 2021 ஆகஸ்டில் அந்த இளைஞருக்கு ஐந்து வருஷத்துக்குச் சுமார் 17 கோடி டாலர் என்ற உச்சச் சம்பளத்தை எழுதிக் கொடுத்தார். அதற்கு முந்தைய பருவத்தில் காலில் ஏற்பட்ட நோவினால் ஷேய் 35 ஆட்டங்களே ஆடியிருந்தார். ஒரு முறைகூட ஆல்-ஸ்டார் அணிக்குத் தேர்வாகவில்லை. அணியோ அடித்தட்டில் கிடந்தது. பேரம் பேசுவதற்கு இதைவிடச் சௌகரியமான சந்தர்ப்பம் ஒரு நிர்வாகிக்கு வாய்க்காது. ஆனாலும் அவர் பேரத்தில் இறங்காமல் உச்சத்தையே கொடுத்தார். நான்கு வருஷங்களுக்குப் பின் அதே ஷேய் ஒரே பருவத்தில் புள்ளிகளில் முதலிடம், கழகத்தின் சிறந்த ஆட்டக்காரர் விருது, இறுதிப் போட்டியின் சிறந்த ஆட்டக்காரர் விருது ஆகிய மூன்றையும் பெற்று, பட்டத்தையும் கொண்டுவந்து சேர்த்தார்.

இவ்விடத்தில் ஒரு கேள்வி எழலாம். தோற்கும் அணியில் நன்றாக ஆடுபவரெல்லாம் ஷேய் ஆகிவிடுவாரா? ஆகமாட்டார் என்பதுதான் இந்தப் பரீட்சையின் கடினம். எவ்வளவு மோசமான அணியாயினும் அதிலும் யாராவது பந்தைக் கூடையில் போட்டே தீர வேண்டும். ஆகவே அங்கே புள்ளிக் கணக்கு எளிதில் ஏமாற்றும். 82இல் 19ஐ மட்டுமே வென்ற பிலடெல்பியா அணியில் ஆடி 2014இல் சிறந்த புதுமுக விருதைப் பெற்ற மைக்கேல் கார்ட்டர்-வில்லியம்ஸை, அடுத்த வருஷமே அந்த அணியின் நிர்வாகி சாம் ஹிங்கி வேறு அணிக்கு அனுப்பியபோது ரசிகர்கள் திகைத்தார்கள். ஆனால் அந்த விருது காட்டிய உயரத்துக்கு அவர் பின்னர் எந்த அணியிலும் வளரவில்லை. ஹிங்கியின் தீர்ப்பு சரியாகவே இருந்தது.

இதற்கு நேர்மாறான உதாரணம் லூ டோர்ட். 2019 டிராஃப்டில் எந்த அணியும் அவரை எடுக்கவில்லை. தண்டர் அணி தற்காலிக ஒப்பந்தம் ஒன்றில் சேர்த்துக்கொண்டது. எதிரணியின் மிகச் சிறந்த ஆட்டக்காரரை ஒட்டி நின்று மறிப்பதே அவர் தொழில். அணி தோற்றாலும் வென்றாலும் அந்தத் தொழிலுக்கு மதிப்புண்டு. அணி வெல்லத் தொடங்கினால் அந்த மதிப்பு பன்மடங்காகும். 2022இல் இன்னும் ஒரு வருஷம் அற்பச் சம்பளத்துக்கு அவரை வைத்துக்கொள்ளும் உரிமை அணியிடம் இருந்தது. அந்த உரிமையை விட்டுக்கொடுத்து, ஐந்து வருஷத்துக்கு எட்டுக் கோடி டாலருக்கு மேல் எழுதிக் கொடுத்தார்கள். பட்டம் வென்ற அதே பருவத்தில் டோர்ட் கழகத்தின் முதல் தற்காப்பு அணியில் இடம்பெற்றார். ஓடி வியர்த்த உழைப்பாளிக்கு உரிய காலத்தில் உரிய கூலியைக் கொடுக்கும் நிர்வாகத்தை மற்ற ஆட்டக்காரர்களும் கவனித்துக்கொண்டுதான் இருக்கிறார்கள்; அந்த நம்பிக்கை எந்தக் கணக்குப் புத்தகத்திலும் ஏறாத சொத்து.

விடை கொடுப்பதற்கு இன்னும் அதிகத் துணிவு வேண்டும். 2021இல் ஆறாவது தேர்வாக வந்த ஜாஷ் கிடி என்ற ஆஸ்திரேலிய இளைஞர், பந்தைப் பகிர்ந்து கொடுப்பதில் அபூர்வமான பார்வை உடையவர். ஆனால் பந்தைக் கையில் வைத்து ஆட்டத்தை நடத்தும் ஸ்தானத்தில் ஷேயும் அணியின் இன்னோர் இளைஞரான ஜேலன் வில்லியம்ஸும் நிலைபெற்றுவிட்டார்கள். பந்தில்லாமல் தூரத்தில் நின்று எறிவது கிடியின் பலமன்று. 2024இல் பட்டத்துக்கான பிளே-ஆஃப் சுற்றில் டல்லஸ் அணி அவரைக் காவலின்றி விட்டே மற்றவர்களை நெருக்கியது. நாற்றங்காலில் நெருங்கி நின்ற பயிரைப் பறித்து இடைவெளி விட்டு நடும் உழவன், பறித்த நாற்றைக் களையென்று எண்ணுவதில்லை. அது வேறிடத்தில் செழிக்கும், நின்றதும் செழிக்கும் என்பதே அவன் அறிவு. கிடியைச் சிகாகோவுக்குக் கொடுத்து அலெக்ஸ் கரூஸோவை வாங்கினார்கள். சிகாகோவில் கிடி மலர்ந்தார். நான்கு வருஷத்துக்குப் பத்துக் கோடி டாலர் ஒப்பந்தமும் பெற்றார். முப்பது வயதைக் கடந்த கரூஸோ, பட்டம் வென்ற பருவத்தின் பிளே-ஆஃபில் டென்வருக்கு எதிரான ஏழாவது ஆட்டத்தில் தம்மைவிட மிக உயரமான நிகோலா யோகிச்சைத் தாங்கி நின்று மறித்தார். இருதரப்பும் லாபமடைந்த இந்தப் பரிவர்த்தனையில், யாரும் யாரையும் அவமதிக்கவில்லை.

இனி பிலடெல்பியாவின் பிற்காலக் கதையைப் பார்க்கலாம். மூன்று வருஷங்களில் 31 ஆட்டங்களே ஆடியிருந்த ஜோயல் எம்பீடுக்கு 2017இல் பெரும் ஒப்பந்தம் எழுதினார்கள். அது நியாயமான துணிவு. 2023இல் அவர் கழகத்தின் சிறந்த ஆட்டக்காரர் ஆனார். ஆனால் 2019 கோடையில் அந்த அணி தடுமாறியது. அணியின் முன்னணி ஆட்டக்காரரான ஜிம்மி பட்லர் மயாமிக்குப் போனார். டோபையஸ் ஹாரிஸுக்கு ஐந்து வருஷத்துக்கு 18 கோடி டாலரும், பென் சிம்மன்ஸுக்குச் சுமார் 17 கோடியும், 33 வயதான அல் ஹார்ஃபர்டுக்கு நான்கு வருஷத்துக்குப் பெருந்தொகையும் எழுதப்பட்டன. ஹாரிஸ் ஒழுக்கமும் திறமையும் உள்ள ஆட்டக்காரர், குற்றம் அவருடையதன்று. அவரைப் பெறுவதற்காகச் சில மாதங்களுக்கு முன் இரண்டு முதல் சுற்றுத் தேர்வுரிமைகளைச் செலவிட்டிருந்ததால், அவரை விட்டுவிட்டால் அதுவும் வீணாகிவிடுமே என்ற எண்ணம் எந்த நிர்வாகத்தையும் அழுத்தவே செய்யும். முன்பு செலவழித்ததைக் காப்பாற்றுவதற்காக மேலும் செலவழிப்பது விவேகமாகாது. பட்லர் மயாமியை 2020இலும் 2023இலும் இறுதிப் போட்டிக்கு அழைத்துச் சென்றார். பிலடெல்பியா 2020 முதல் 2025 வரை ஒரு முறையேனும் இரண்டாம் சுற்றைத் தாண்டவில்லை. ஒரே வருஷத்தில் ஹார்ஃபர்டின் சம்பளம் பாரமாகிவிட, அதை இறக்கி வைப்பதற்காக ஒரு முதல் சுற்றுத் தேர்வுரிமையையும் சேர்த்துக் கொடுத்தார்கள். அந்தப் பாரத்தையும் தேர்வுரிமையையும் ஒன்றாக வாங்கிக்கொண்டது ஓக்லஹோமாதான். அவசரப்பட்டுச் செலவழிக்காமல் வைத்திருக்கும் சம்பள இடமும் ஒரு செல்வம் என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டியதில்லை.

ஆட்டக்காரர்களைச் சரக்குகளைப்போல் எடைபோடுவது மனிதத் தன்மையா என்று சிலர் கேட்கக்கூடும். அந்தக் கேள்வி நியாயமானது. ஆனால் முடிவெடுக்காமல் இழுத்தடிப்பதுதான் அவர்களுக்குச் செய்யும் பெரிய தீங்கு என்று நான் கருதுகிறேன். ஓர் ஆட்டக்காரரின் நல்ல காலம் பத்து வருஷங்களுக்குள் அடங்கிவிடுகிறது; அதில் மூன்று வருஷங்களைத் தமக்கு எதிர்காலம் இல்லாத அணியில் கழிக்கும்படி ஓர் இளைஞரை வைத்திருப்பதைவிட, உள்ளதை அவரிடம் சொல்லி, அவர் தேவைப்படும் இடத்துக்கு அனுப்புவதே தர்மம்.

வெற்றி பெற்ற பின்னும் இந்தக் கேள்வி ஓய்வதில்லை. 2024இல் பட்டம் வென்ற பாஸ்டன், சம்பளச் சுமை தாங்காமல் அடுத்த வருஷமே ஜ்ரூ ஹாலிடேயையும் கிறிஸ்டாப்ஸ் போர்ஸிங்கிஸையும் இழந்தது. தண்டர் அணியும் 2025 ஜூலையில் ஷேய், ஜேலன் வில்லியம்ஸ், செட் ஹோம்கிரன் ஆகிய மூவருக்கும் சேர்த்து 80 கோடி டாலருக்கு மேல் போகக்கூடிய ஒப்பந்தங்களை எழுதியிருக்கிறது. அந்த மூவருக்காக நாளை அன்புக்குரிய வேறு சிலரை இழக்க நேரிடும். அப்போதும் அளவுகோல் மாறலாகாது.

குலுக்கலையே நம்பியிருந்தால் என்ன ஆகும் என்பதற்கும் ஓர் உதாரணம் உண்டு. 2024-25 பருவத்தில் 17 ஆட்டங்களை மட்டுமே வென்று கடைசி இடத்தில் நின்ற யூட்டா ஜாஸ், குலுக்கலில் ஐந்தாம் இடத்துக்குத் தள்ளப்பட்டது, 1.8 சதவிகித வாய்ப்பே இருந்த டல்லஸ் முதல் இடத்தைத் தட்டிச் சென்றது. வருஷம் முழுவதும் தோற்றாலும் அதிர்ஷ்டத்தை விலைக்கு வாங்க முடியாது என்பதற்கு இதைவிடத் தெளிவான நிரூபணம் இராது. ஆகையால் அடித்தட்டில் கிடக்கும் அணிகள் குலுக்கல் பந்துகளைப் பார்த்து ஏங்குவதை விட்டு, தம்மிடம் ஏற்கெனவே உள்ள இளைஞர்களைக் கூர்ந்து பார்க்கட்டும். வெல்லும் அணிக்கு உதவுபவர் இவர் என்று தெரிந்தால், அவர் விலை உயரும்வரை காத்திராமல் முழுச் சம்பளத்தைக் கொடுக்கட்டும். மற்றவர்களுக்கு நேர்மையாக விடை கொடுக்கட்டும். தோல்வி மேல் தோல்வி கண்டும் ஆண்டுதோறும் சீட்டு வாங்கி அரங்கத்துக்கு வருகிற ரசிகருக்கு, ஒரு நிர்வாகம் அதிர்ஷ்டத்தை வாக்களிக்க முடியாது. ஆராய்ந்து எடுத்த தீர்மானத்தை வாக்களிக்க முடியும், அதை அவருக்குக் கொடுக்கக் கடமைப்பட்டும் இருக்கிறது.