பையைச் சோதிக்கும் முன் கடையைச் சோதியுங்கள்

அரசு உயர்நிலை, மேல்நிலைப் பள்ளி ஆசிரியர்களாகிய நம் சங்கத்தின் நிலைப்பாடு

கூட்டங்களில் வாய்மொழியாகச் சொல்லப்பட்டு வந்தது, இப்போது வகுப்பாசிரியரிடம் கையெழுத்துக் கேட்கும் அளவுக்கு வந்துவிட்டது. தினமும் காலையில் மாணவர் பையைச் சோதிக்க வேண்டும். "என் வகுப்பில் புகையிலையோ போதைப் பொருளோ பயன்படுத்தும் மாணவர் எவருமில்லை" என எழுதித் தர வேண்டும் என்கிறார்கள். அந்த உறுதிமொழியில் நம் உறுப்பினர்கள் கையெழுத்திட மாட்டார்கள். செயற்குழு இதை ஒருமனதாக முடிவு செய்துள்ளது.

பைச் சோதனை பற்றி ஒருமித்த கருத்து எட்டப்படவில்லை. அறவே கூடாது என்பது ஒரு தரப்பு. பிற பிள்ளைகளின் பாதுகாப்புக்காகச் சில வேளை தேவைப்படலாம் என்பது மறு தரப்பு. எனவே, பெற்றோரோ பள்ளி மேலாண்மைக் குழு உறுப்பினரோ உடனில்லாமல் சோதனை நடத்துவதை இயன்றவரை தவிர்க்குமாறு கேட்டுக்கொள்கிறோம். மாணவியரின் பையை ஆண் ஆசிரியர் தொடவே கூடாது. இதில் இயன்றவரை என்ற பேச்சுக்கே இடமில்லை.

கையெழுத்தை ஏன் மறுக்கிறோம்? எழுதித் தந்த ஆசிரியருக்கு, தன் வகுப்பில் ஒரு பிள்ளை சிக்கினால் இரண்டே வழிதான்: மறைப்பது, அல்லது வெளியே அனுப்புவது. இரண்டாவது ஏற்கெனவே நடக்கிறது. பத்தாம் வகுப்புப் பையனின் சட்டைப் பையில் கூல் லிப் என்ற புகையிலைப் பொட்டலம் கிடைத்தால், கூலி வேலையை விட்டுவிட்டு அவன் அம்மா ஓடி வருகிறார். "வேற ஸ்கூல் பாத்துக்கோங்கம்மா" என்று மாற்றுச் சான்றிதழைக் கையில் கொடுத்து அனுப்புகிறார்கள். ஆண்டின் நடுவில் அந்தச் சான்றிதழோடு வருபவனைப் பக்கத்துப் பள்ளிகள் சேர்ப்பதில்லை. காரணம் கேட்காமலே அவர்களுக்குப் புரிந்துவிடுகிறது. பொதுத்தேர்வுப் பெயர்ப்பட்டியல் போய்விட்டிருந்தால் அந்த ஆண்டும் போயிற்று. பள்ளியும் இல்லாமல், நாள் முழுக்கத் தெருவில் நிற்கும் பதினைந்து வயதுப் பையனை யார் கூப்பிட்டுக்கொள்வார்கள் என்பது நமக்குத் தெரியாததா? அவனுக்கு விற்ற கடை அன்று மாலையும் திறந்திருக்கிறது.

அந்தக் கடை எங்கே இருக்கிறது? 2003ஆம் ஆண்டின் புகையிலைப் பொருட்கள் சட்டம், ஆறாவது பிரிவில், கல்வி நிலையத்திலிருந்து 100 கெஜத்துக்குள் விற்பனையைத் தடை செய்கிறது. 18 வயதுக்குட்பட்டவருக்கு எங்குமே விற்கக் கூடாது என்கிறது. எல்லையைக் காட்ட மஞ்சள் கோடு போடச் சொன்னார்கள், போட்டோம். கோட்டுக்கு உள்ளேயே விற்பனை நடக்கிறது. மீறினால் அதிகபட்ச அபராதம் 200 ரூபாய்! ஒரு பிள்ளையின் படிப்புக்கு இந்த நாட்டில் வைக்கப்பட்டிருக்கும் விலை இதுதானா? சட்டத்தில் இதைவிடக் கடுமையான வழியும் உண்டு. 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம், 77ஆவது பிரிவின்படி, குழந்தைக்குப் புகையிலையோ மதுவோ போதைப் பொருளோ கொடுப்பவருக்கு ஏழாண்டு வரை கடுங்காவலும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கலாம். அந்தச் சட்டத்தின் பார்வையில் பையன் பாதிக்கப்பட்டவன். பள்ளி அலுவலகத்தில் மட்டும் அவன் குற்றவாளி.

தமிழ்நாட்டில் குட்கா, பான் மசாலாவுக்கு 2013 முதல் தடை இருக்கிறது, ஆண்டுதோறும் நீட்டிக்கிறார்கள். இருந்தும் கூல் லிப் வேறு மாநிலங்களில் தயாராகி இங்கே வந்துகொண்டே இருக்கிறது. 2024 செப்டம்பரில் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, அதைப் பாதுகாப்பற்ற உணவுப் பொருளாக நாடு முழுவதும் ஏன் அறிவிக்கக் கூடாது என்று கேட்டது. புகையில்லை, துப்ப வேண்டியதில்லை. உதட்டுக்கும் ஈறுக்கும் நடுவே வைத்துக்கொண்டு இயற்பியல் வகுப்பு முழுவதும் உட்கார்ந்திருக்கலாம். நிக்கோட்டின் இறங்கும்போது வரும் எரிச்சலையும் தலைவலியையும் நாம் திமிர் என்று நினைத்துவிடுகிறோம். 2019ஆம் ஆண்டின் உலக இளையோர் புகையிலை ஆய்வு, இந்தியாவில் 13 முதல் 15 வயது வரையுள்ள மாணவரில் 8.5 விழுக்காட்டினர் புகையிலை பயன்படுத்துவதாகச் சொல்கிறது. புகையில்லா வகையைத் தொட்டவர்களில் பாதிப் பேர் பத்து வயது நிறைவதற்கு முன்பே தொடங்கியவர்கள். ஒன்பதாம் வகுப்பு ஆசிரியர் எதற்கு உறுதிமொழி தருவது?

பிடிபடும் பிள்ளையை அடிப்பதைச் சட்டம் தடுக்கிறது, நாமும் ஏற்கிறோம்.

மாற்றுச் சான்றிதழ் கொடுத்து அனுப்புவதை உடனே நிறுத்த வேண்டும். தவிர்க்க முடியாத நேர்வுகளில் தலைமையாசிரியரின் முடிவுக்கு விட வேண்டும் என்ற திருத்தமும் ஏற்கப்பட்டது. அப்படியொரு நேர்வை இதுவரை எவரும் நமக்குக் காட்டியதில்லை என்பதையும் பதிவு செய்கிறோம். பிடிபடும் பிள்ளையைப் பேசித் திருத்த, பள்ளிக்கு வந்து அமரும் ஆலோசகரை அரசு நியமிக்க வேண்டும். பள்ளியருகே விற்பவர் மீது 77ஆவது பிரிவில் வழக்குப் பதிய வேண்டும்.

கையெழுத்துக்கு நெருக்கடி வந்தால் உத்தரவை எழுத்தில் கேளுங்கள். மாவட்டச் செயலாளருக்கு அன்றே தெரிவியுங்கள். போதைப் பொருள் விற்பனையைக் கண்டால் 10581க்கு அழையுங்கள். புகையிலையை விட நினைக்கும் மாணவரைப் பக்கத்தில் உட்காரவைத்து 1800-11-2356க்கு நீங்களே அழைத்துப் பேசவையுங்கள்.

செயற்குழு