இரண்டு வாளி போதும்

"சுத்தம் சோறு போடும்" என்பது நம் முன்னோர் வாக்கு. வாசலைப் பெருக்கித் தெளிக்கும் நாம், வாசலில் நிற்கும் காரும் பளபளக்க வேண்டுமென விரும்புவது இயல்பே. ஆனால் அந்தப் பளபளப்புக்கு எத்தனை குடம் தண்ணீரைக் கொட்டுகிறோம் என்று எண்ணிப் பார்த்தோமா?

நிமிடத்திற்குப் பத்து லிட்டர் விடும் ரப்பர் குழாயைக் கால் மணி நேரம் திறந்துவிட்டால் 150 லிட்டர் சாக்கடைக்குப் போய்விடும். ஏறத்தாழப் பத்துக் குடம்! ஹைதர் அலியின் சகோதரி அமீருன்னிசா பேகத்தின் பெயர் தாங்கிய நம் பேகம்பூரில் குடத்தின் அருமை அறியாதார் யார்? தோல் ஷாப்புகளின் கழிவுநீரால் திண்டுக்கல் வட்டாரத்தில் பல கிணறுகள் உப்பேறின. குடிக்கும் நீரோ ஆத்தூர் காமராஜர் அணையிலிருந்தும் காவிரியிலிருந்தும் வர வேண்டியுள்ளது.

"உப்புத் தண்ணீரால் கழுவலாமே?" என்று சிலர் கேட்கலாம். அது வெயிலில் காய்ந்தால் பெயிண்டின் மேல் வெள்ளைத் திட்டுகள் படியும், எளிதில் போகாது. ஆகவே குழாயை விட்டு வாளிக்கு மாறுவதே அறிவுடைமை.

செய்முறை எளிது. காரை நிழலில் நிறுத்துவோம். உலர்ந்த துணியால் தேய்க்கவே கூடாது. தூசியிலுள்ள மணல் துகள்கள் பெயிண்டைக் கீறிவிடும். அந்தப் பூச்சு முழுவதும் சேர்ந்தே ஏறத்தாழ ஒரு தலைமயிரின் பருமன்தான்! முதலில் செம்பால் நீரூற்றி மண்ணை இறக்குவோம். ஒரு வாளியில் கார் ஷாம்பு, மற்றொன்றில் நல்ல தண்ணீர். கூரையில் தொடங்கிக் கீழ்நோக்கித் துடைத்து, துணியை அடிக்கடி அலசுவோம். துணி துவைக்கும் பவுடர் மெழுகுப் பூச்சை அரித்துவிடும், வேண்டாம். பறவை எச்சத்தை ஊறவைத்து உடனே எடுப்போம்; விட்டால் தழும்பாகும். ஈரம் போகத் துடைத்த பின் மெழுகை மெல்லியதாகத் தடவி, மென்துணியால் தேய்த்தால் முகம் பார்க்கலாம்.

2024 மார்ச்சில் பெங்களூரு குடிநீர் வாரியம், குடிநீரால் வாகனம் கழுவத் தடை விதித்து, மீறினால் ரூ. 5,000 அபராதம் என அறிவித்தது. அபராதத்துக்கு அஞ்சிச் செய்வதைவிட அறிந்து செய்வதே அழகு.

தோழியரே! "அது டிரைவர் வேலை, தம்பியின் வேலை" என்று நாம் ஒதுங்க வேண்டாம். பெற்றோரே! ரப்பர் குழாயைச் சுருட்டி வைத்து, வாளியை எங்களிடம் தாருங்கள். கார் மின்னட்டும், அடுத்த வீட்டுக் குடமும் நிறையட்டும்!